'காஸ்ப்' என்ற ஆங்கில வினைச்சொல்லை ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

மாலைநிலா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இணையவழியில் ஐந்து பேருக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன், ஐந்து பேருக்கும் தாய்மொழி ஸ்பானிஷ். மூன்று பேர் மெக்சிகோ, ஒருவர் கொலம்பியா, ஒருவர் ஸ்பெயின். என் ஸ்பானிஷ் நான்கு வருடப் பழக்கம்தான், பேசிச் சமாளிப்பேன், ஆனால் நுணுக்கமான இடங்களில் நின்றுவிடுகிறேன்.

போன வாரம் ஒரு சிறுகதை வாசித்தோம். அதில் 'காஸ்ப்' (gasp) என்ற வினை நான்கு இடங்களில் வருகிறது. கதவைத் திறந்த பெண் அறைக்குள் இருப்பதைப் பார்த்து காஸ்ப் செய்கிறாள். ஆற்றில் மூழ்கியவன் தலையை வெளியே நீட்டி 'காஸ்ப் ஃபார் ஏர்' செய்கிறான். அப்புறம் ஒருவன் "ஓடு!" என்கிறான், அங்கே 'செட்' (said, சொன்னான்) போட வேண்டிய இடத்தில் 'ஹி காஸ்ப்ட்' என்று இருக்கிறது. கடைசியில் வரும் ஒரு கிழவர் (கதை பிரிட்டிஷ் கதை) "ஐயாம் காஸ்பிங் ஃபார் எ கப் ஆஃப் டீ" என்கிறார்.

ஸ்பானிஷில் எழுதச் சொன்னேன். நான்கு இடத்திலும் ஐந்து பேரும் 'ஹதெயார்' (மூச்சு வாங்குவது) என்றே எழுதினார்கள். இருமொழி அகராதியில் முதலில் நிற்பது அந்தச் சொல்தான், அதனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. முதல் இடத்துக்கு அது பொருந்தாது என்று சொன்னேன். ஸ்பெயின்காரர் உடனே "ஏன், இரண்டுமே மூச்சு வாங்குவதுதானே?" என்று கேட்டார். என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

தமிழில் யோசித்தால் எனக்கு வேறுபாடு தெரிகிறது. முதலாவது 'திடுக்கிட்டு மூச்சை இழுத்தாள்', இரண்டாவது 'மூச்சுத் திணறினான்', மூன்றாவது 'மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்'. டீயைப் பற்றிப் பேசும் கிழவருக்குத் தமிழிலும் எதுவும் தோன்றவில்லை. நான்கையும் இணைக்கும் நூல் எது, ஸ்பானிஷில் எந்த இடத்தில் எந்தச் சொல், இதை யாராவது விளக்க முடியுமா? அடுத்த வகுப்பு வியாழக்கிழமை.

---

இருகரை எழுதியது:

ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்குப் பன்னிரண்டு வருடமாக மொழிபெயர்க்கிறேன். எனக்கும் நீண்ட நாள் தொல்லை கொடுத்த சொல் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த ஸ்பெயின் மாணவருக்கு ஹதெயார் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லுங்கள். பழைய வடிவம் 'இஹதெயார்'. அதற்குள் இருப்பது 'இஹாதா', அதாவது விலா எலும்புக்குக் கீழே இடுப்புக்கு மேலே இருக்கும் பக்கவாட்டுப் பகுதி, நாம் அள்ளை என்கிறோமே, அது. ஓடிக் களைத்த குதிரைக்கோ நாய்க்கோ விலாப்புறம் வேகவேகமாக ஏறி இறங்குமல்லவா, அந்தக் காட்சிதான் ஹதெயார். அதனால் அதற்குள்ளேயே மூன்று விஷயங்கள் வந்துவிடுகின்றன: களைப்பு, வேகம், திரும்பத் திரும்ப நடப்பது. ஆங்கிலத்தில் இதற்கு நேர்ச் சொல் 'பான்ட்'. காஸ்ப் இல்லை.

காஸ்ப் பார்ப்பது விலாவை இல்லை, வாயை. வாய் திறக்கிறது, காற்று சட்டென்று உள்ளே போகிறது, தொண்டையில் ஒரு சத்தம் கேட்கிறது. ஒரே ஒரு தடவை நடந்தாலும் அது காஸ்ப்தான். ஒரே ஒரு தடவை ஹதெயார் செய்ய முடியாது, செய்தால் அது ஹதெயார் ஆகாது. உங்கள் மாணவர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் நான்கு இடங்கள்.

கதவைத் திறந்த பெண். நாவல்களில் அதிகம் பார்ப்பது 'தியோ உன் கிரீத்தோ அஓகாதோ' அல்லது 'அஓகோ உன் கிரீத்தோ'. 'அஓகார்' என்றால் மூழ்கடிப்பது, மூச்சை அடைப்பது, அதனால் தொண்டைக்குள்ளேயே அமுங்கிப்போன கத்தல் என்று பொருள் வருகிறது. கவனியுங்கள், ஆங்கிலம் காற்று உள்ளே போவதைச் சொல்கிறது, ஸ்பானிஷ் வெளியே வராத கத்தலைச் சொல்கிறது. இரண்டும் ஒரே கணத்தைத்தான் காட்டுகின்றன, நிற்கிற இடம்தான் வேறு. அவள் கத்தவே நினைக்கவில்லை, வியப்பு மட்டும்தான் என்றால் எனக்கு இது கொஞ்சம் அதிகமாகத் தோன்றும். அப்போது 'செ லே கோர்த்தோ லா ரெஸ்பிராசியோன்' (மூச்சு அறுந்தது என்று சொல்லுக்குச் சொல்) அல்லது 'செ கெதோ சின் அலியெந்தோ' (மூச்சில்லாமல் நின்றாள்) போடுவேன். 'கொந்த்தூவோ எல் அலியெந்தோ' மட்டும் போடாதீர்கள், அது மூச்சை அடக்கிக்கொண்டாள் என்று ஆகிவிடும். காஸ்ப் செய்தவள் எதையும் அடக்கவில்லை.

ஆற்றிலிருந்து எழுந்தவன். இங்கே 'பொகனாதா' என்ற அழகான சொல் இருக்கிறது, ஒரு வாய் நிறையக் காற்று. 'தோமாபா ஆய்ரே ஆ பொகனாதாஸ்' என்றால் வாய் வாயாகக் காற்றை அள்ளினான் என்று வரும். வாயும் இருக்கிறது, தவிப்பும் இருக்கிறது. இந்த ஓர் இடத்தில் ஸ்பானிஷ் ஆங்கிலத்தைவிட நன்றாகச் சொல்கிறது என்பது என் கருத்து.

"ஓடு!" என்று சொன்னவன். முதலில் அவன் ஏன் காஸ்ப் செய்கிறான் என்று கதையில் பாருங்கள். ஓடிவந்து சொன்னான் என்றால் 'தீஹோ எந்த்ரே ஹதெயோஸ்' (மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்) மிகச் சரி, நான்கில் ஹதெயார் குடும்பம் பொருந்துவது இங்கே மட்டும்தான். பயத்தாலோ காயத்தாலோ என்றால் 'கொன் வோஸ் எந்த்ரெகொர்த்தாதா', துண்டு துண்டாக அறுந்த குரலில்.

கிழவரின் டீ. இது பிரிட்டிஷ் பேச்சுவழக்கு. அமெரிக்க ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் இதைக் கேட்பது அரிது. ஒன்றைக் குடிக்க வேண்டும், புகைக்க வேண்டும் என்ற தவிப்பு, மூச்சுக்குத் தவிப்பதிலிருந்து கிளைத்தது. ஸ்பானிஷில் 'மே முவேரோ போர் உன தாஸா தே தே'. டீக்காகச் சாகிறேன். சாவு என்று வந்தாலும் பயப்படாதீர்கள், சாதாரணமாகச் சொல்வதுதான்.

என் முதல் நாவல் மொழிபெயர்ப்பில் நீதிமன்றக் காட்சி ஒன்று வந்தது. தீர்ப்பைக் கேட்டு அம்மா காஸ்ப் செய்கிறாள். நான் 'ஹதெயோ' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் "இவள் மாடிப்படி ஏறி வந்தாளா?" என்று எழுதியிருந்தார். கூடவே இன்னொன்றும் சொன்னார். ஒரு பெண்ணுக்கு எந்த விளக்கமும் இல்லாமல் அந்த வினையைக் கொடுத்தால் சில வாசகர்களுக்குப் படுக்கையறைக் காட்சி நினைவுக்கு வரும், மகனை இழக்கப்போகும் அம்மாவுக்கு அதைச் செய்யாதே என்றார். அன்றிலிருந்து இந்தச் சொல் வரும் இடத்தில் எல்லாம் நின்று, ஏன் இந்த ஆள் இப்படி மூச்சை இழுக்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

---

அலைவரிசை எழுதியது:

இருகரை அவர்களே, விளக்கம் அருமை. ஆனால் ஒரு சந்தேகம். காற்று உள்ளே போவதுதான் காஸ்ப் என்றால் ஆங்கிலத்தில் 'லெட் அவுட் எ காஸ்ப்' என்று ஏன் எழுதுகிறார்கள்? உள்ளே இழுப்பதை எப்படி வெளியே விடுவது? பல கதைகளில் பார்த்திருக்கிறேன், மாணவர்கள் இதைக் காட்டிக் கேட்டால் நாம் சொன்ன விதி உடைந்துபோகுமே.

---

இருகரை எழுதியது:

நல்ல கேள்வி. சரியாகப் பிடித்தீர்கள். பெயர்ச்சொல்லாக வரும்போது காஸ்ப் என்பது மூச்சின் பெயர் மட்டும் இல்லை, அந்தச் சத்தத்தின் பெயரும்கூட. வெளியே விடப்படுவது சத்தம். அரங்கத்தில் எல்லோரும் சேர்ந்து காஸ்ப் செய்தார்கள் என்றால் மேடையில் இருப்பவருக்குக் கேட்பது அந்தச் சத்தம்தானே. ஸ்பானிஷில் 'சொல்த்தார் உன் கிரீத்தோ' என்று கத்தலை 'விடுகிறார்கள்', அதே போல. கூட்டம் காஸ்ப் செய்யும் இடத்தில் நான் பெரும்பாலும் 'எக்ஸ்க்லமாசியோன் தே அசோம்ப்ரோ' (வியப்புக் குரல்) என்று மாற்றிவிடுவேன். முந்நூறு பேர் ஒரே நேரத்தில் கத்தலை விழுங்கினார்கள் என்றால் விநோதமாக இருக்கும்.

இன்னொன்று, பெருமூச்சோடு கலந்துவிட வேண்டாம். 'சை' என்ற ஆங்கில வினைக்கு 'சுஸ்பிரார்', அதில் முக்கியம் நீளமாக வெளியே வரும் காற்று. சிலர் காஸ்ப்புக்கு சுஸ்பிரார் போடுகிறார்கள், அது நேர் எதிர்த் திசை. திடுக்கிட்டவள் நிம்மதி அடைந்தவளாகவோ ஏக்கத்தில் இருப்பவளாகவோ மாறிவிடுவாள்.

---

வெண்சிறகு எழுதியது:

நான் அவசரச் சிகிச்சைப் பிரிவில் செவிலியர். மொழி ஆராய்ச்சி எனக்குத் தெரியாது, ஆனால் இந்தச் சொல்லைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, தயவுசெய்து உங்கள் மாணவர்களுக்கும் சொல்லுங்கள்.

திடீரென்று இதயம் நின்றுபோனவருக்கு முதல் சில நிமிடங்களில் ஒருவித மூச்சு வரலாம். வாய் திறக்கும், ஒரு இழுப்பு, பிறகு நீண்ட நேரம் ஒன்றும் இல்லை, மறுபடி ஒரு இழுப்பு. கரையில் போட்ட மீன் போல. ஆங்கிலத்தில் இதை 'அகோனல் காஸ்ப்ஸ்' என்பார்கள், ஸ்பானிஷில் 'ரெஸ்பிராசியோன் அகோனிகா'. நம் வீடுகளில் 'மேல்மூச்சு வாங்குகிறது' என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். பக்கத்தில் இருப்பவர் இதைப் பார்த்துவிட்டு "மூச்சு இருக்கிறது" என்று நினைத்துக் காத்திருந்துவிடுகிறார். அது மூச்சு இல்லை. மூளைத்தண்டிலிருந்து வரும் கடைசி அனிச்சை அது, போதுமான காற்று உடலுக்குப் போவதில்லை. கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சாதாரணமாக இல்லை என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர் என்றால் குறைந்தது 5 செ.மீ. ஆழம்.

இப்போது இதை உங்கள் கேள்வியோடு சேர்த்துப் பாருங்கள். ஆங்கிலம் பேசும் நாட்டில் வசிக்கும் ஸ்பானிஷ்காரர் ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறார். காஸ்ப் என்றால் ஹதெயார் என்று மனதில் பதிந்திருந்தால், எதிர்முனையில் இருப்பவர் "காஸ்ப் செய்கிறாரா?" என்று கேட்டால் அவருக்கு வேகமாக மூச்சு வாங்குவதுதான் கண்ணில் வரும். "இல்லை, மெதுவாகத்தான் இருக்கிறது" என்று பதில் சொல்லிவிடுவார். அந்த இடத்தில் பொருத்தமான ஸ்பானிஷ் வினை 'போக்கெயார்'. என்னுடன் வேலை பார்க்கும் ஸ்பானிஷ் பேசும் மருத்துவர் ஒருவர் வீட்டாரிடம் அப்படித்தான் கேட்பார், மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுகிறாரா என்று. உடனே புரிந்துகொள்கிறார்கள்.

குளிர்ந்த தண்ணீரில் விழுவதும் இப்படித்தான். 15 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு நம்மைக் கேட்காமலேயே ஒரு பெரிய காஸ்ப் எடுக்கும். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்கூட இதனால் இறந்துபோகிறார்கள். காற்று உள்ளே போகிற வினை என்று இருகரை சொன்னது எங்களுக்குச் சொல் விளையாட்டு இல்லை.

---

சொல்வேர் எழுதியது:

வெண்சிறகு சொன்ன போக்கெயாரைப் பற்றி இரண்டு வரி. 'போக்கா' என்றால் வாய். போக்கெயார் என்றால் வாயைத் திறந்து திறந்து மூடுவது. வடிவத்தைப் பார்த்தால் காஸ்ப்புக்கு மிக நெருங்கிய உறவு இதுதான், ஆனால் ஸ்பானிஷ் இதை மீனுக்கும் சாகக்கிடப்பவருக்கும் ஒதுக்கிவிட்டது. 'லாஸ் உல்த்திமாஸ் போக்கெயாதாஸ்' என்றால் உயிர் பிரியும் நேரத்து வாய்த் திறப்புகள். அதனால் பரிசைப் பார்த்து வியந்த குழந்தைக்கு அதைப் போட முடியாது.

காஸ்ப்பும் வாயிலிருந்து வந்த சொல்தான். பழைய நார்ஸ் மொழியில் 'கெய்ஸ்பா' என்றால் கொட்டாவி விடுவது. ஐஸ்லாந்து மொழியில் இன்றும் அதே சொல்லுக்கு அதே பொருள். கொட்டாவியில் வாய் அகலத் திறந்து காற்று உள்ளே போகிறதே, அந்த அசைவு மட்டும் ஆங்கிலத்தில் தங்கிவிட்டது, தூக்கம் போய்விட்டது. மாணவர்களைக் கொட்டாவி விடச் சொல்லி, பாதியில் நிறுத்தி, அதையே அரை நொடியில் செய்யச் சொல்லுங்கள். காஸ்ப் வந்துவிடும்.

உச்சரிப்பையும் கவனியுங்கள். ஸ்பானிஷில் சொல்லின் கடைசியில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்பதே அரிது. இறந்தகாலத்தில் 'ஸ்ப்ட்' என்று மூன்று மெய்கள் வரிசையாக வருகின்றன, இடையில் உயிரெழுத்தே கிடையாது. 'காஸ்பெத்' என்று இரண்டு அசையாகத்தான் சொல்வார்கள், பொறுமையாகத் திருத்த வேண்டும். அப்புறம் 'க்ராஸ்ப்' என்ற இன்னொரு வினை இருக்கிறது, கையால் பிடிப்பது, மனதால் புரிந்துகொள்வது. எழுத்தில் ஓர் 'ஆர்' மட்டும்தான் கூடுதல், வாசிக்கும் வேகத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். "அவள் கயிற்றைப் பார்த்து மூச்சை இழுத்தாள்" என்பதும் "கயிற்றைப் பிடித்தாள்" என்பதும் ஒன்றில்லையே.

---

நடுக்கோடு எழுதியது:

கால்பந்து பார்க்கிறவர்கள் உங்கள் வகுப்பில் இருந்தால் அவர்களுக்கு இந்தச் சொல் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆட்டம் முடியப்போகும் நொடியில் விழும் கோலை ஆங்கிலப் பத்திரிகைகள் 'லாஸ்ட் காஸ்ப் கோல்' என்று எழுதும். கடைசி மூச்சில் விழுந்த கோல். 2014 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, லிஸ்பனில், அத்லெத்திகோ மாட்ரிட் 1-0 முன்னிலையில் இருக்கிறது, 93ஆவது நிமிடத்தில் செர்ஹியோ ராமோஸ் தலையால் முட்டி ரியால் மாட்ரிட்டுக்குச் சமன் செய்தாரே, அந்த மாதிரிக் கோல். (கூடுதல் நேரத்தில் 4-1 என்று முடிந்தது. நான் அத்லெத்திகோ பக்கம், இன்றுவரை அந்த நிமிடம் வலிக்கிறது.)

ஸ்பானிஷில் இதற்கு 'கோல் அகோனிகோ' என்பார்கள், அல்லது 'என் எல் உல்த்திமோ சுஸ்பீரோ', கடைசிப் பெருமூச்சில். உள்ளே இழுப்பது, வெளியே விடுவது என்று இருகரை பிரித்தாரே, இந்த இடத்தில் ஸ்பானிஷ் எதிர்த் திசையைத்தான் எடுக்கிறது. ஆங்கிலத்தில் சாகப்போகிறவர் கடைசியாக ஒரு முறை காற்றை இழுக்கிறார், ஸ்பானிஷில் கடைசியாக ஒரு முறை விடுகிறார். இரண்டு மொழிக்காரர்களும் அதே கோலைத்தான் பார்க்கிறார்கள்.

'அகோனிகோ' என்பதை ஆங்கில 'அகனி'யோடு சேர்த்துவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் அது கடும் வலி. ஸ்பானிஷில் 'அகோனீயா' என்றால் முதன்மைப் பொருள் சாவுக்கு முந்தைய நேரம். வெண்சிறகு எழுதிய 'அகோனல்' மட்டும் ஸ்பானிஷ் பொருளோடு ஒத்துப்போகிறது, அது மருத்துவச் சொல்.

---

மாலைநிலா எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வியாழக்கிழமை வகுப்பு முடிந்தது, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எல்லோரையும் ஒரு கையை விலாவில் வைக்கச் சொல்லி நாற்காலியிலிருந்து இருபது தடவை எழுந்து உட்காரச் சொன்னேன். மூச்சு வாங்கியதும் "இது பான்ட், இதுதான் ஹதெயார், இஹாதா உங்கள் கைக்குக் கீழே இருக்கிறது" என்றேன். கொலம்பியாக்காரர் தன் பாட்டி இடுப்பு வலியைச் சொல்லும்போது இஹாதா என்பார், ஹதெயாருக்குள் அது இருக்கிறது என்று இத்தனை வருடம் தோன்றவே இல்லை என்றார். அப்புறம் சொல்வேர் சொன்ன கொட்டாவி. அதை அரை நொடியில் செய்தபோது ஐந்து திரையிலும் ஐந்து பேர் பேய் பார்த்த முகத்தோடு இருந்தார்கள். ஸ்பெயின்காரர் "ஓ, இதற்கு எங்களிடம் சொல் இல்லை, முகம்தான் இருக்கிறது" என்றார்.

நான்கு வாக்கியத்தையும் மறுபடி எழுதச் சொன்னேன். ஆற்றிலிருந்து எழுந்தவனுக்கு எல்லோரும் பொகனாதாஸ் போட்டார்கள். "ஓடு!" என்றவன் கதையில் காலில் அடிபட்டுக் கிடக்கிறான், இருகரை சொன்னதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்த்தேன், அதனால் எந்த்ரெகொர்த்தாதா. கதவைத் திறந்த பெண்ணுக்குத்தான் விவாதம் நடந்தது. மெக்சிகோக்காரர் இருவர் 'கிரீத்தோ அஓகாதோ' புத்தகத்தில் மட்டும் பார்க்கும் தொடர், பேச்சில் யாரும் சொல்வதில்லை என்றார்கள். அதில் ஒருவர் பேச்சில் சொல்வதானால் "அவள் 'ஆ!' என்று..." என்று சொல்லிவிட்டு மூச்சை இழுத்துக் காட்டுவேன் என்றார். நாமும் அப்படித்தானே செய்கிறோம்.

வெண்சிறகு, நீங்கள் எழுதியதைத் தனியாகப் பத்து நிமிடம் எடுத்துச் சொன்னேன். ஒரு மாணவி கேமராவை அணைத்துவிட்டார். பிறகு தனியாகச் செய்தி அனுப்பினார். அவருடைய அப்பா இறந்த அன்று அந்த மாதிரி மூச்சுதான் வந்ததாம், தூங்குகிறார் என்று நினைத்தார்களாம். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தேன். நேற்று அவரே மறுபடி எழுதினார், மார்பை அழுத்தும் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறாராம். ஆங்கிலத்திலேயே எழுதியிருந்தார், 'காஸ்பிங்' என்ற சொல்லைச் சரியாகப் போட்டிருந்தார்.